மருந்துக்கு அடங்காத தொற்று: கடைசிக்கட்ட ஆன்டிபயாட்டிக்கா, ஃபேஜ் வைரஸா, இரண்டுமா?

நோயாளியிடமிருந்து எடுத்த கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துச் சோதித்த கல்ச்சர் அறிக்கை வருகிறது. பதினைந்து, இருபது ஆன்டிபயாட்டிக்குகளின் பெயர்கள் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கின்றன. ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் எதிரே ‘ஆர்’ என்ற ஒற்றை எழுத்து மட்டும் நிற்கிறது. நோயாளியின் உடலில் வளரும் பாக்டீரியா அந்த மருந்துகளுக்குக் கட்டுப்படாது என்பது அதன் பொருள். 2019ஆம் ஆண்டில் மட்டும் இத்தகைய தொற்றுகள் நேரடிக் காரணமாக உலகில் ஏறத்தாழ 12.7 லட்சம் பேர் இறந்ததாக 2022இல் வெளியான மதிப்பீடு ஒன்று கணக்கிட்டது. அந்த அறிக்கையைக் கையில் வைத்திருக்கும் மருத்துவருக்கும் நோயாளியின் குடும்பத்தாருக்கும் முன்னே சில வழிகள் இன்னும் உள்ளன. நச்சுத்தன்மை மிகுந்த பழைய ஆன்டிபயாட்டிக்குகளை எடுத்துக்கொள்ளலாம். அண்மையில் வந்த புதிய கூட்டு மருந்துகளைத் தேடலாம். தொற்று தங்கியிருக்கும் இடத்தையே அறுவைச் சிகிச்சையால் அகற்றலாம். அல்லது பாக்டீரியாவை மட்டும் தாக்கிக் கொல்லும் வைரஸ்களான ஃபேஜ்களை நாடலாம். இவற்றில் எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது. நோயாளிக்கு எத்தனை நாள் அவகாசம் இருக்கிறது, நோய் செய்யும் கிருமி இன்னதென்று உறுதியாகத் தெரியுமா என்ற இரண்டையும் முதலில் கேட்டுக்கொண்டால், ஒப்பீடு பெருமளவு தெளிந்துவிடுகிறது.

சொல் குறித்து ஒரு விளக்கம். ‘நுண்ணுயிர் எதிர்ப்பி’ என்பது மருந்தையும், ‘எதிர்ப்புத்திறன்’ என்பது அம்மருந்தைத் தாங்கிக்கொள்ளும் கிருமியின் ஆற்றலையும் குறிக்கின்றன. நோயாளியின் உடலுக்கு இருப்பதும் ‘நோய் எதிர்ப்பு’ என்றே சொல்லப்படுகிறது. ஒரே வேர்ச்சொல் மூன்று கட்சிக்கும் உழைப்பதால் குழப்பம் நேர்கிறது. ஆகவே மருந்தை ஆன்டிபயாட்டிக் என்றே இக்கட்டுரை முழுவதும் குறிப்பிடுகிறேன்.

பழைய மருந்துகளில் முதலில் நினைவுக்கு வருவது கோலிஸ்டின். 1940களின் இறுதியில் கண்டறியப்பட்டு, சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்பதால் 1970களில் பெரும்பாலும் கைவிடப்பட்டு, வேறு வழியற்ற நிலையில் மீண்டும் அழைத்து வரப்பட்ட மருந்து இது. அதன் பெரிய அனுகூலம், அலமாரியில் தயாராக இருப்பதுதான். இன்று இரவே ஏற்றத் தொடங்கலாம். ஆனால் சிறுநீரகப் பாதிப்பு அரிதாக நேரும் விபத்தன்று, எதிர்பார்த்தே கொடுக்க வேண்டிய விலை. போதாக்குறைக்கு, கோலிஸ்டினைத் தாங்கும் ஆற்றலை ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிச் செல்லும் வளையமான டி.என்.ஏ. துண்டில் சுமந்து செல்லும் ‘எம்சிஆர்-1’ என்ற மரபணுவைச் சீன ஆய்வாளர்கள் 2015இல் அறிவித்தனர். கடைசிக் கதவின் சாவியும் கைமாறத் தொடங்கிவிட்டது என்பதை அந்த அறிவிப்பு உணர்த்தியது.

புதிய கூட்டு மருந்துகளை எடுத்துக்கொண்டால் நிலைமை பலரும் நினைப்பதைவிட நம்பிக்கை தருவதாக இருக்கிறது. ஃபேஜ் பற்றிய உற்சாகமான கட்டுரைகள் பெரும்பாலும் இவற்றைக் கண்டுகொள்ளாமல் கடந்துவிடுவது எனக்கு உறுத்தலாகவே இருந்து வந்துள்ளது. செஃப்டாசிடிம்-அவிபாக்டம் 2015இலும், பாக்டீரியா இரும்புச்சத்தை உள்ளிழுக்கும் வாயில் வழியாகவே நுழைந்து அதைத் தாக்கும் செஃபிடெரோகால் 2019இலும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. ஆன்டிபயாட்டிக்குகளைச் சிதைக்கப் பாக்டீரியா உண்டாக்கும் நொதிகளுள் என்டிஎம் என்ற வகையை அவிபாக்டம் அடக்காது; ஆனால் அஸ்ட்ரியோனாம் என்ற பழைய மருந்தை அந்த நொதியால் சிதைக்க முடியாது, அஸ்ட்ரியோனாமைச் சிதைக்கக்கூடிய பிற நொதிகளையோ அவிபாக்டம் தடுத்துவிடுகிறது. ஒன்றன் ஓட்டையை மற்றொன்று அடைக்கும் இந்த இணை 2024இல் ஐரோப்பாவிலும் 2025இல் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றது. அசினெட்டோபாக்டர் என்ற பாக்டீரியாவின் தொற்றுக்கு 2023இல் ஒப்புதல் பெற்ற சல்பாக்டம்-துர்லோபாக்டம், கோலிஸ்டினுடன் நேருக்கு நேர் ஒப்பிடப்பட்ட சோதனையில் 28 நாட்களுக்குள் நேர்ந்த இறப்பு 19 விழுக்காடாக இருந்தது. கோலிஸ்டின் பெற்றவர்களிடம் அது 32 விழுக்காடு. சிறுநீரகப் பாதிப்பும் கோலிஸ்டின் பிரிவில் கண்டதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். இத்தனை தெளிவான சான்று ஃபேஜ் சிகிச்சைக்கு இன்னும் இல்லை. ஆகவே, ‘எல்லா மருந்தும் தோற்றுவிட்டது’ என்று முடிவுகட்டும் முன், பழைய பட்டியலில் இல்லாத இந்த மருந்துகளுக்கும் அந்தக் கிருமி சோதிக்கப்பட்டதா என்று கேட்பதே முதல் வேலை.

அறுவைச் சிகிச்சையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சீழ்க்கட்டி இருந்தால் அதை வடிக்க வேண்டும். கிருமி படிந்த செயற்கை மூட்டையோ குழாயையோ அகற்ற முடியுமானால் அகற்ற வேண்டும். மருந்தோ ஃபேஜோ சீழின் நடுவே சென்று சேர்வதில்லை. அகற்ற முடியாத இடத்தில் தொற்று இருக்கும்போதுதான், உதாரணமாக இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியில் வைத்துத் தைத்த செயற்கைக் குழாயில் படிந்திருக்கும்போதுதான், ஃபேஜ் என்ற பேச்சுக்குத் தனி மதிப்பு வருகிறது.

இனி ஃபேஜ். 1915இல் ஃபிரெடெரிக் ட்வோர்ட்டும் 1917இல் ஃபெலிக்ஸ் டெரெல்லும் தனித்தனியே கண்டறிந்த இந்த வைரஸ்கள், குறிப்பிட்ட பாக்டீரியாவின் மேற்பரப்பில் உள்ள ஒரு மூலக்கூற்றை அடையாளம் கண்டு ஒட்டி, தம் மரபுப்பொருளை உள்ளே செலுத்தி, அதன் இயந்திரத்தைக் கொண்டே தம்மைப் பெருக்கிக்கொண்டு, இறுதியில் அதன் சுவரை உடைத்து வெளியேறுகின்றன. ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவைத் தாக்கும் டி4 என்ற ஃபேஜுக்கு இந்தச் சுற்று அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஒன்று நுழைந்த இடத்திலிருந்து நூற்றுக்கும் மேல் வெளிவரும். மனித உயிரணுவின்மேல் அந்தப் பிடிமானம் இல்லாததால் அதை இவை தாக்குவதில்லை. குடலில் வாழும் நல்ல பாக்டீரியாக்களையும் பெரும்பாலும் தீண்டுவதில்லை.

இந்தக் குறிபார்க்கும் தன்மைதான் ஃபேஜின் சிறப்பு. அதன் முதல் தொல்லையும் அதுவே. ஓர் ஆன்டிபயாட்டிக் பல இனப் பாக்டீரியாக்களைத் தாக்கும். ஒரு ஃபேஜோ பல சமயங்களில் ஒரே இனத்துக்குள்ளும் சில வகைகளை மட்டுமே தாக்குகிறது. ‘கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியாவுக்கு ஃபேஜ் இருக்கிறது’ என்ற செய்தி இந்த நோயாளியின் கிளெப்சியெல்லாவுக்கு ஃபேஜ் இருக்கிறது என்று பொருள்படாது. இணையத்தில் விற்கப்படும் ஃபேஜ் புட்டிகளைத் தாமாக வாங்கிக் குடிக்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

இதனால் ஃபேஜ் என்ற வழிக்குள்ளேயே ஒரு தேர்வு உண்டு: பல ஃபேஜ்களை முன்கூட்டியே கலந்து வைத்த ஆயத்தக் கலவையா, நோயாளியின் கிருமியை வளர்த்து அதற்குப் பொருந்துவதைத் தேடித் தரும் தனிப்பொருத்தமா? ஆயத்தக் கலவை உடனே கிடைக்கும், தரக்கட்டுப்பாடும் எளிது. ஆனால் முறையான ஒப்பீட்டுச் சோதனைகளில் அது பெரும்பாலும் ஏமாற்றமே தந்திருக்கிறது. தீப்புண்களில் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவின் தொற்றுக்காக ஐரோப்பாவில் நடந்து 2019இல் வெளியிடப்பட்ட ஃபேகோபர்ன் சோதனையில் 12 ஃபேஜ்கள் கலந்த நீர்மம் பயன்படுத்தப்பட்டது. கிருமியின் அளவைக் குறிப்பிட்ட மட்டத்துக்குக் குறைக்க வழக்கமான வெள்ளிப் பூச்சு மருந்து 47 மணி நேரம் எடுத்துக்கொண்ட இடத்தில் ஃபேஜ் கலவைக்கு 144 மணி நேரம் ஆனது. பிறகு ஆராய்ந்தபோது, சேமிப்பில் ஃபேஜ்களின் வீரியம் சரிந்திருந்ததும், மில்லிலிட்டருக்கு 10 லட்சம் என்று திட்டமிட்ட அளவில் நோயாளிகளுக்குக் கிட்டியது ஏறத்தாழ 100 மட்டுமே என்பதும் தெரியவந்தது. ஃபேஜ் தோற்றது என்பதைவிட, ஃபேஜ் போதிய அளவில் சென்று சேரவே இல்லை என்பதே பொருத்தம். இருந்தாலும், அலமாரியில் வைத்தால் வீரியம் குறையக்கூடிய ஒன்றை மருந்தாக நம்புவதற்கு அதுவே ஓர் எச்சரிக்கை.

ஜார்ஜியத் தலைநகர் திபிலிசியில் நடந்து 2021இல் வெளியான இன்னொரு சோதனை மேலும் சிந்திக்க வைக்கிறது. புராஸ்டேட் அறுவைக்குச் செல்லவிருந்த, சிறுநீரில் தொற்று உள்ள ஆண்களுக்கு, சிறுநீர்ப்பைக்குள் ஃபேஜ் கலவையோ மருந்தில்லாத நீர்மமோ செலுத்தப்பட்டது. மூன்றாவது பிரிவினர் ஆன்டிபயாட்டிக் பெற்றனர். சிறுநீர் கல்ச்சர் சரியானவர்கள் ஃபேஜ் பிரிவில் 18 விழுக்காடு, வெறும் நீர்மத்தில் 28, ஆன்டிபயாட்டிக்கில் 35. எண்ணிக்கை சிறியதாகையால் மூன்றும் புள்ளியியல் கணக்கில் வேறுபட்டவை என்று சொல்ல முடியவில்லை. வங்கதேசத்தில் வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைகளுக்கு ஈ.கோலை ஃபேஜ்களை வாய்வழியாகத் தந்த சோதனையும் பலன் காட்டாமல் முடிந்தது. நோயாளிகளில் கணிசமானோரிடம் வயிற்றுப்போக்கின் காரணம் அந்த ஈ.கோலையே இல்லை. கிருமி இன்னதென்று உறுதியாகத் தெரியுமா என்று தொடக்கத்தில் கேட்டதன் காரணம் இங்கே விளங்கும்.

தனிப்பொருத்தத்தில் படம் மாறுகிறது. 2016இல் கலிஃபோர்னியாவில், அசினெட்டோபாக்டர் தொற்றால் கோமாவில் கிடந்த பேராசிரியர் டாம் பாட்டர்சனுக்கு, அவரது மனைவியும் தொற்றுநோயியலாளருமான ஸ்டெஃபானி ஸ்ட்ராத்டீ உலகெங்கும் எழுதிக் கேட்டுத் தேடிய ஃபேஜ்கள் நரம்பு வழியே ஏற்றப்பட்டன, அவர் பிழைத்தார். அந்தக் கதையில் பலர் மறந்துவிடும் பகுதி ஒன்று உண்டு: சில நாட்களிலேயே கிருமி முதல் கலவைக்கு அடங்காமல் மாறியது, புதிய ஃபேஜ் ஒன்றைத் தேடிச் சேர்க்க வேண்டியிருந்தது, மினோசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்கும் உடன் தரப்பட்டது. பிரஸ்ஸல்ஸில் 2016இல் நடந்த குண்டுவெடிப்பில் தொடை எலும்பு உடைந்த ஒரு நோயாளிக்கு, 700 நாட்களுக்கு மேல் ஆன்டிபயாட்டிக்குகள் தோற்ற பின், அவருடைய கிளெப்சியெல்லாவின் மீதே பழக்கிக் கூர்மைப்படுத்திய ஒரு ஃபேஜ், அறுவையுடனும் செஃப்டாசிடிம்-அவிபாக்டத்துடனும் சேர்த்துத் தரப்பட்டுப் பலனளித்தது. ஃபேஜ் எங்கிருந்து வரும் என்பதற்கு வரம்பே இல்லை. லண்டனில் நுரையீரல் மாற்று அறுவைக்குப் பின் காசநோய்க் கிருமியின் உறவான மைக்கோபாக்டீரியம் ஒன்றின் தொற்றுக்கு ஆளான 15 வயதுச் சிறுமிக்கு ஏற்றிய மூன்று ஃபேஜ்களுள் ஒன்று, தென்னாப்பிரிக்காவில் அழுகிய கத்தரிக்காய் ஒன்றின் அடிப்புறத்திலிருந்து எடுக்கப்பட்டது. மற்ற இரண்டும் பாக்டீரியாவுக்குள் உறங்கிக் கிடக்கும் குணம் நீங்கும்படி மரபணுப் பொறியியலால் திருத்தப்பட்டவை. அவளது ஆறாத புண் மூடியது, தோலில் எழுந்த தொற்றுக் கட்டிகள் பெரும்பாலும் மறைந்தன.

தனிக் கதைகளை நம்பி முடிவெடுக்கலாகாது. வென்றவையே வெளியில் வரும். அதனால் தொகுப்பு ஆய்வுகளுக்கு எடை கூடுதல். பெல்ஜியத்தை மையமாகக் கொண்ட குழு ஒன்று, தொடர்ச்சியாக வந்த 100 நோயாளிகளின் விவரங்களை ஒன்றுவிடாமல் 2024இல் வெளியிட்டது. 77.2 விழுக்காட்டுத் தொற்றுகளில் நிலை முன்னேறியது, 61.3 விழுக்காட்டில் குறிவைத்த கிருமி ஒழிந்தது. உடன் ஆன்டிபயாட்டிக் தராதபோது கிருமி ஒழியும் வாய்ப்பு 70 விழுக்காடு குறைவாக இருந்தது. ஒப்பீட்டுப் பிரிவு இல்லாததாலும், பலருக்கு அறுவையும் மருந்தும் உடன் நடந்ததாலும், வெற்றி முழுவதையும் ஃபேஜின் கணக்கில் எழுத இயலாது. மைக்கோபாக்டீரியம் தொற்றுக்கான, அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் குழுவின் 2022ஆம் ஆண்டுத் தொகுப்பு இன்னும் நேர்மையான கணக்கைக் காட்டுகிறது: 200 நோயாளிகளின் கிருமிகள் சோதிக்கப்பட்டன, 55 கிருமிகளுக்குப் பொருந்தும் ஃபேஜ் கிடைத்தது, 20 பேருக்குச் சிகிச்சை தரப்பட்டது, 11 பேரிடம் பலன் தெரிந்தது. அந்த 11ஐ 20ஆல் வகுத்தால் பாதிக்கு மேல். ஆனால் வாசலில் நின்ற 200 பேரை வைத்து வகுத்துப் பார்க்க வேண்டியவரும் ஒருவர் உண்டு, அவர் இனிமேல் விண்ணப்பிக்கவிருக்கும் நோயாளி.

இங்கே காலக் கணக்கு வந்து நிற்கிறது. கிருமியை அனுப்பி, பொருத்தம் பார்த்து, வளர்த்து, பாக்டீரியா உடையும்போது வெளியேறும் நச்சுப்பொருளான எண்டோடாக்சினை நீக்கித் தூய்மைப்படுத்தி, மரபணுவைப் படித்துப் பார்த்து, அனுமதி பெற்று, நோயாளியை அடையும்வரை வாரங்கள், சில வேளைகளில் மாதங்கள் ஆகின்றன. மரபணுவைப் படிப்பதும் வெறும் சம்பிரதாயமன்று. காலராவின் நச்சுக்கும் தொண்டை அடைப்பான் நோயின் நச்சுக்கும் உரிய மரபணுக்களை அந்தப் பாக்டீரியாக்களுக்குள் கொண்டு சேர்த்தவை ஃபேஜ்களே. அத்தகைய சுமையில்லாத, உள்ளே உறங்காமல் நேரே கொல்லும் வகைதான் வேண்டும். இரத்தத்தில் தொற்று பரவி, இரத்த அழுத்தம் சரிந்து, மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டிய ஐசியூ நோயாளிக்கு இந்த வழி அன்றைய தினம் இல்லை என்றே கொள்ள வேண்டும். அவருக்குப் புதிய கூட்டு மருந்து, அது கிடைக்காவிட்டால் சிறுநீரகத்தைக் கண்காணித்தபடி கோலிஸ்டின். ஃபேஜ் பற்றிய நம்பிக்கை அந்த முதல் ஊசியை ஒரு மணி நேரம்கூடத் தாமதப்படுத்தக் கூடாது.

எலும்பிலோ மூட்டு உள்வைப்பிலோ மாதக்கணக்கில் நீடிக்கும் தொற்று, நுரையீரலில் கெட்டிச் சளி சேரும் பரம்பரை நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் கண்டவரின் நுரையீரலில் வேரூன்றிய சூடோமோனாஸ், திரும்பத் திரும்ப வரும் சிறுநீர்த் தொற்று ஆகியவை வேறு வகை. நோயாளி அன்றாடம் வதைபடுகிறார், ஆனால் அவகாசம் உண்டு. கிருமி பல முறை வளர்க்கப்பட்டு அடையாளம் உறுதியாகியிருக்கும். பாக்டீரியாக்கள் பசை போன்ற படலம் கட்டி உள்ளே பதுங்கும்போது ஆன்டிபயாட்டிக் வலுவிழக்கிறது. சில ஃபேஜ்களோ அந்தப் படலத்தைக் கரைக்கும் நொதியைத் தம்முடனே கொண்டிருக்கின்றன. ஃபேஜ் சிகிச்சைக்கு இன்று தகுந்த இடம் இதுவென்பது என் கணிப்பு.

அப்படித் தேர்ந்த பிறகும் தனியாகத் தருவதா, ஆன்டிபயாட்டிக்குடன் தருவதா என்ற கேள்வி எஞ்சுகிறது. பெல்ஜியத் தொகுப்பின் எண்கள் ஒரு பக்கம் இருக்க, உயிரியல் காரணமும் அதே திசையில் கை காட்டுகிறது. ஃபேஜிடமிருந்து தப்ப, பாக்டீரியா அது பற்றிக்கொள்ளும் மூலக்கூற்றையே மாற்றவோ இழக்கவோ வேண்டும். யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் விவரித்த ஓஎம்கேஓ1 என்ற ஃபேஜ், சூடோமோனாஸ் ஆன்டிபயாட்டிக்கை வெளியே இறைத்துக் கொட்டப் பயன்படுத்தும் குழாயையே பற்றுகோலாகக் கொள்கிறது. அதனிடமிருந்து தப்பிய பாக்டீரியா அந்தக் குழாயைச் சிதைத்துக்கொள்வதால், முன்பு பலிக்காத ஆன்டிபயாட்டிக் மீண்டும் பலிக்கத் தொடங்குகிறது. எந்தப் பக்கம் ஓடினாலும் அடி விழும் நிலை அது. எல்லா ஃபேஜும் இப்படி அமைவதில்லை. பொருத்தம் பார்க்கும் ஆய்வகத்திடம் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

உடலின் நோய் எதிர்ப்பும் ஒரு தரப்பு. ஃபேஜும் அந்நியப் பொருளே. அதை முறியடிக்கும் ஆன்டிபாடிகள் உருவாகலாம். பிட்ஸ்பர்க் தொகுப்பில் நரம்பு வழி பெற்றவர்களுள் 8 பேரிடம் இது காணப்பட்டது. லண்டன் சிறுமிக்குத் தந்த அதே ஃபேஜ்களைப் பெற்ற 81 வயது முதியவர் ஒருவரிடம் முதல் மாதம் கிருமி வெகுவாகக் குறைந்தது. இரண்டாம் மாதம் ஆன்டிபாடிகள் வலுத்தன, பலன் நின்றுவிட்டது. லண்டன் சிறுமிக்கு உறுப்பு மாற்றின் காரணமாக எதிர்ப்பு ஒடுக்கப்பட்டிருந்தது அவளுக்குச் சாதகமாகியிருக்கலாம். ஆகையால் மாதக்கணக்கில் நரம்பு வழி தர நேருமானால், ஆன்டிபாடி அளவை இடையிடையே பார்க்கும் ஏற்பாடு உள்ள இடத்தையே தேர்வது நல்லது. புண்ணிலோ மூட்டிலோ நேரடியாகச் செலுத்தும்போது இந்தக் கவலை குறைவு.

எங்கே கிடைக்கும் என்பது நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. ஜார்ஜியாவில் 1923இல் நிறுவப்பட்ட எலியாவா நிறுவனத்தின் வழியில் ஃபேஜ் வழக்கமான சிகிச்சையாகவே நிலைத்திருக்கிறது. போலந்தின் விராட்ஸ்வாஃப் நகரில் 2005 முதல் சோதனைச் சிகிச்சைப் பிரிவு இயங்குகிறது. பெல்ஜியத்தில் மருத்துவரின் சீட்டின்படி மருந்தாளுநர் தனித்துத் தயாரித்துத் தரும் முறை உள்ளது. அமெரிக்காவில் வேறு வழியில்லாத நோயாளிக்கென ஒவ்வொருவருக்கும் தனி அனுமதி பெற வேண்டும். மற்ற இடங்களில் பெரும்பாலும் இது கருணை அடிப்படையிலான விதிவிலக்கு. இவற்றில் எந்த வழியில் சென்றாலும், சிகிச்சை தரும் மருத்துவரே கடிதம் எழுத வேண்டும். குடும்பத்தார் மட்டும் தனியே நடத்தி முடிக்கக்கூடிய காரியம் அன்று.

ஃபேஜைத் தேர்ந்தாலும் இல்லாவிட்டாலும், கல்ச்சர் அறிக்கை வந்த அன்றே செய்யத்தக்க ஒரு வேலை இருக்கிறது. அதற்குச் செலவும் அதிகமில்லை, சிகிச்சையும் தாமதமாவதில்லை. பெரும்பாலான ஆய்வகங்கள் அறிக்கை கொடுத்த சில நாட்களில் கல்ச்சர் தட்டை அழித்துவிடும். ஃபேஜ் பொருத்தம் பார்ப்பதற்கு அறிக்கைத் தாள் போதாது, உயிருள்ள அந்தக் கிருமியே வேண்டும். ஆகவே, அதை அழித்துவிடாமல் உறைநிலையில் பாதுகாத்து வைக்கும்படி மருத்துவர் மூலம் ஆய்வகத்துக்கு எழுத்துமூலம் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று வாரம் கழித்து ஃபேஜ் தேவைப்பட்டால் அந்த மூன்று வாரமும் வீணாகியிருக்காது.